கிற்றார் வாசித்தபடி ஒரு பாட்டை முழுதாகப் பாட

நாலு கோட்ஸ் (பல கம்பிகள் சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) பிடிக்க வரும். பாடவும் வரும். இரண்டையும் சேர்த்துச் செய்யப் போனால் வாய் திறந்த உடனே வலது கை நின்றுவிடும், இல்லையென்றால் கை ஓட ஓடச் சொல் இடறும். பாடிக்கொண்டு வாசிக்கத் தொடங்கும் எவருக்கும் முதலில் வரும் இடைஞ்சல் இதுதான். பள்ளிக்கூடத்தில் கர்நாடக சங்கீதம் பாடமாக எடுத்தவர்களுக்கும் வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்தியவர்களுக்கும் இதில் ஒரு வசதி இருக்கிறது. தொடையில் தட்டி ஆதி தாளம் போட்டபடி பாடிப் பழகிய கை அது. பாட்டு எங்கே நீண்டாலும் எங்கே மூச்செடுத்தாலும் தட்டு நிற்காது. கிற்றாரில் வலது கைக்கும் அதே வேலைதான். கோட்ஸ் இடது கையின் பாடு, வலது கை தாளக் கை. கீழே சொல்லப்படும் பயிற்சி எல்லாம் அந்தக் கையை நிற்கவிடாமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான்.

பாட்டும் கட்டையும்

முதற் பாட்டுக்கு, மெட்டும் வரிகளும் மனப்பாடமாக உள்ள ஒன்றை எடுங்கள். கொப்பியைப் பார்த்துப் பாடினால் கண், வாய், இரண்டு கை என்று நாலு இடத்தில் கவனம் சிதறும். கோட்ஸ் நாலுக்கு மேற்படக் கூடாது. வேகம் நிமிடத்துக்கு 70 முதல் 90 தட்டுக்குள் இருந்தால் நல்லது. மனதுக்குப் பிடித்த பாட்டு துள்ளலானதென்றால் அது மூன்றாவது பாட்டாக இருக்கட்டும்.

அடுத்தது சுருதி. பதிவில் எந்தச் சுருதியில் இருக்கிறதோ அதிலேயே பாடப் போவதுதான் தொண்டை கட்டுவதற்கு முதற் காரணம். ஆண் பாடியதைப் பெண் பாடும்போதும், மறுவளமாகவும், சுருதியை நாலைந்து அரைச்சுரமாவது தள்ள வேண்டி வரும். உங்கள் கட்டை, அதாவது நீங்கள் ‘ச’ வைத்துப் பாடும் சுருதி, தெரிந்திருந்தால் வேலை லேசு. 1 கட்டை என்பது சி, 1½ சி ஷார்ப், 2 டி, 4 எஃப், 4½ எஃப் ஷார்ப், 5 ஜி, 5½ ஜி ஷார்ப், 6 ஏ. ஆண்கள் பெரும்பாலும் 1, 1½ கட்டையிலும், பெண்கள் 4½ முதல் 6 வரையிலும் பாடுவார்கள்.

இதைக் கிற்றாருக்கு மாற்றுவது கேப்போவின் வேலை. கேப்போ என்பது கழுத்தில் எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கவ்வி, பிரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடும் அதனோடு சேர்ந்த கட்டமும். கேப்போ ஒரு பிரெட் ஏற, எல்லாம் அரைச்சுரம் ஏறும். மேஜர் பாட்டென்றால் 1 கட்டைக்கு சி வடிவங்களை (சி சுருதிக்குரிய கோட் பிடிகளை) கேப்போ இல்லாமல் பிடிக்கலாம். 1½ கட்டைக்கு அதே வடிவங்கள், கேப்போ முதலாம் பிரெட்டில். 5 கட்டைக்கு ஜி வடிவங்கள் கேப்போ இல்லாமல், 5½க்கு முதலாம் பிரெட், 6க்கு இரண்டாம் பிரெட். மைனர் பாட்டென்றால் 1 கட்டைக்கு ஏ மைனர் வடிவங்கள், கேப்போ மூன்றில், 1½க்கு நாலில். பெண்களுக்கு 5 கட்டையில் ஈ மைனர் வடிவங்கள், கேப்போ மூன்றில், 5½க்கு நாலில். 6 கட்டையென்றால் ஏ மைனர் வடிவம், கேப்போ தேவையில்லை.

கட்டைக் கணக்கு ஒரு தொடக்கம் மட்டுமே. சினிமாப் பாட்டுகள் பல, மேல் ஷட்ஜத்தையும் தாண்டிப் போய் வரும். ஆகவே கேப்போவை முடிவு செய்யமுன் பாட்டின் உச்சமான வரியை எடுத்து மூன்று தடவை அடுத்தடுத்துப் பாடிப் பாருங்கள். மூன்றாம் தடவை தாடை இறுகினால் ஒரு பிரெட் இறக்குங்கள். பிறகு மிகத் தாழ்ந்த வரியையும் பாடுங்கள், அங்கே காற்று மட்டும் வந்தால் அளவுக்கு மீறி இறக்கியிருக்கிறீர்கள்.

மேஜரா மைனரா என்று காதுக்குப் பிடிபடாதவர்கள் ராகச் சாயலை வைத்துப் பிடிக்கலாம். சங்கராபரணம், ஹரிகாம்போதி, மோகனம் என்றால் மேஜர். நடபைரவி, கீரவாணி, சுத்த தன்யாசி என்றால் மைனர். ஏ மைனரில் வாசிக்கும்போது நடபைரவிச் சாயலுக்கு ஈ மைனர் கோட் ஒத்துப்போகும். கீரவாணிச் சாயலில் காகலி நிஷாதம் (உயர்ந்த ‘நி’) வருவதால் அதே இடத்துக்கு ஈ செவன் வேண்டும். ‘நி’ வரும் இடத்தில் மட்டும் காதில் ஏதோ உரசுகிறதென்றால் இந்த இரண்டையும் மாற்றிப் பார்த்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

இடது கை

மிக மெல்லிய கம்பி 1, மிகத் தடித்தது 6. கீழிருந்து எண்ணினால் ஈ, பி, ஜி, டி, ஏ, ஈ. போனில் கம்பிச் சுருதி பார்க்கும் ரியூனர் செயலியை ஒருமுறை இறக்கிவைத்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். ரியூன் பண்ணும்போது எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்துங்கள். ஏறிப்போனால் முதலில் நன்றாக இறக்கி, மீண்டும் ஏற்றுங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்திய கம்பி ரெண்டு வீச்சிலேயே தளர்ந்துவிடும்.

மைனர் பாட்டு ஒன்றுக்கு வேண்டிய பிடிகள்:

ஏ மைனர்: சுட்டுவிரல் 2ஆம் கம்பி முதலாம் பிரெட், நடுவிரல் 4ஆம் கம்பி இரண்டாம் பிரெட், மோதிரவிரல் 3ஆம் கம்பி இரண்டாம் பிரெட். 6ஆம் கம்பி ஒலிக்கக் கூடாது.
சி: ஏ மைனரிலிருந்து மோதிரவிரலை மட்டும் எடுத்து 5ஆம் கம்பி மூன்றாம் பிரெட்டில் வையுங்கள். மற்ற இரண்டு விரலும் அசையாது.
ஈ மைனர்: 5ஆம், 4ஆம் கம்பிகள் இரண்டாம் பிரெட்டில், நடுவிரலும் மோதிரவிரலும்.
ஜி: மோதிரவிரல் 6ஆம் கம்பி மூன்றாம் பிரெட், நடுவிரல் 5ஆம் கம்பி இரண்டாம் பிரெட், சின்னவிரல் 1ஆம் கம்பி மூன்றாம் பிரெட்.
ஈ செவன்: நடுவிரல் 5ஆம் கம்பி இரண்டாம் பிரெட், சுட்டுவிரல் 3ஆம் கம்பி முதலாம் பிரெட், மிச்சமெல்லாம் திறந்தபடி.

எஃப் கோட்டில்தான் பலர் கிற்றாரையே கைவிடுகிறார்கள். முதற் பாட்டுக்கு, சுட்டுவிரலால் எல்லாக் கம்பியையும் அழுத்தும் முழு எஃப் தேவையில்லை. 4ஆம் கம்பி மூன்றாம் பிரெட், 3ஆம் கம்பி இரண்டாம் பிரெட், 2ஆம் கம்பி முதலாம் பிரெட், 1ஆம் கம்பி திறந்தபடி: இது எஃப் மேஜர் செவன். பாட்டோடு சேரும்போது பெரும்பாலான இடங்களில் முழு எஃப் செய்யும் வேலையை இது செய்துவிடும், சில இடங்களில் அதைவிட வடிவாகவும் இருக்கும்.

ஒவ்வொரு பிடியிலும் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கேளுங்கள். ‘ஸ்ஸ்’ என்று இரைந்தால் விரல் பிரெட்டை விட்டுப் பின்னால் நிற்கிறது, உலோகக் கோட்டுக்கு ஒட்டினாற்போல் முன்னே தள்ளுங்கள். ‘டக்’ என்று செத்த ஒலி வந்தால் பக்கத்து விரலின் சதை கம்பியில் படுகிறது, நுனியில் நிமிர்த்துங்கள். நகம் நீண்டிருந்தால் நிமிராது, இடது கை நகத்தைச் சதையோடு வெட்டவேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் அழுத்த ஏலாமல் வலித்தால் குற்றம் கிற்றாரில் இருக்கலாம். 12ஆம் பிரெட்டுக்கும் 6ஆம் கம்பிக்கும் இடைவெளி ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றர், 1ஆம் கம்பிக்கு 2 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு, இதுதான் வசதியான உயரம். 4 மில்லிமீற்றர் நின்றால் தொடக்கக்காரர் எவருக்கும் கை நோகும். 12 தடிப்புக் கம்பி (1ஆம் கம்பி 0.012 அங்குலம்) போட்டிருந்தால் 10 தடிப்புக்கு மாற்றுவதும் பாதி வலியைக் குறைக்கும். நைலோன் கம்பிக் கிற்றாரில் மட்டும் உருக்குக் கம்பி போடவேண்டாம், அந்த இழுவையைத் தாங்காமல் பிரிட்ஜ் (கம்பிகளை மேற்பலகையோடு பிணைக்கும் பட்டை) கிளம்பிவிடும்.

இந்த உயரம் வன்னியில் ஆண்டு முழுக்க ஒரேமாதிரி நிற்காது. வாடை வீசி மாரி மழை பிடித்தால் மரம் ஈரம் குடித்து மேற்பலகை புடைக்கும், கம்பி உயரும், பிடி கடினமாகும். சோளகக் காற்றுக் காலத்தில் மரம் காய்ந்து பலகை இறங்கும், கம்பி பிரெட்டில் உரசி இரையும். புரட்டாதியில் சரியாக இருந்த கிற்றார் கார்த்திகையில் ‘கெட்டுப்போனது’ போலத் தோன்றுவதற்கு இதுதான் காரணம். உடனே பிரிட்ஜை அராவப் போகவேண்டாம், அராவியது திரும்ப வராது. தகரக் கூரைக்கு நேர்கீழே, கல்சுவரில் சாய்த்து வைக்கவும் வேண்டாம். மத்தியானத்தில் பூட்டிய வானுக்குள் விட்டால் பசை இளகும். முல்லைத்தீவு, அலம்பில், நாயாறு போன்ற கரையோரங்களில் கம்பி கெதியாகக் கறள் பிடிக்கும், வாசித்து முடிந்ததும் காய்ந்த துணியால் கம்பியின் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைத்துவிட்டு உறைக்குள் வையுங்கள்.

பிடிகள் சுத்தமாக வந்தபின் மாற்றம். ஒரு நிமிடம் மணி வைத்து ஏ மைனரிலிருந்து ஜி, ஜியிலிருந்து ஏ மைனர் என்று எத்தனை தடவை மாறுகிறீர்கள் என்று எண்ணுங்கள். 30 வந்தால் பாட்டுக்குப் போகலாம். நாளுக்கு 15 நிமிடம் இரண்டு வேளை இருந்தால், ஞாயிறு ஒருநாளில் மூன்று மணித்தியாலம் இருப்பதைவிடக் கெதியாக வரும். விரல் நுனி நோவு இரண்டு மூன்று கிழமையில் தோல் தடிக்கத் தடிக்கக் குறையும். மணிக்கட்டு நொந்தால் அது வேறு, அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

தாளக் கை

இடது கையைக் கம்பிகளின்மேல் லேசாகப் படுத்தி ஒலியை அடக்குங்கள். கோட் எதுவும் வேண்டாம். இப்போது வலது கை மட்டும். 0.60 முதல் 0.73 மில்லிமீற்றர் தடிப்புள்ள பிக் (கம்பியைத் தட்டும் சின்னத் தகடு) வீச்சுக்கு இலகு. மணிக்கட்டிலிருந்து கை ஆடவேண்டும், முழங்கையிலிருந்து அல்ல.

நாலு தட்டுப் பாட்டுக்கு ‘தக திமி’. ஒவ்வொரு தட்டுக்கும் கை ஒருதடவை கீழே போய் மேலே வரும். எல்லா வீச்சும் கம்பியில் படவேண்டும் என்றில்லை. முதலாம் தட்டில் கீழ். இரண்டாவதில் கீழ்-மேல். மூன்றாவதில் கை வழமைபோலக் கீழே போகும், ஆனால் கம்பியில் படாது. மேலே வரும்போது மட்டும் படும். நாலாவதில் கீழ்-மேல். பலர் அந்த மூன்றாம் தட்டில் கையை நிறுத்திக் காத்திருக்கிறார்கள். அங்கேதான் தாளம் முறிகிறது. வெறுங்காற்றில் போனாலும் கை போய்த்தான் வரவேண்டும்.

ஆறு எண்ணிக்கைப் பாட்டுக்குத் ‘தகிட தகிட’. எங்கள் நாட்டார் பாட்டுகளிலும் தேவாலயப் பாட்டுகளிலும் சினிமா மெல்லிசையிலும் இந்த நடை நிறைய வரும். ‘த’வுக்குப் பேஸ் கம்பி, அதாவது தடித்த கம்பி, ஒன்று மட்டும், ‘கி’, ‘ட’ இரண்டுக்கும் மெல்லிய கம்பிகளில் கீழ்வீச்சு. ஏ மைனருக்கும் சிக்கும் பேஸ் 5ஆம் கம்பி, ஜிக்கும் ஈ மைனருக்கும் 6ஆம் கம்பி, டிக்கும் அந்தச் சின்ன எஃப்புக்கும் 4ஆம் கம்பி. பைலாவும் ஆறில்தான் ஓடுகிறது, ஆனால் அந்த வேகம் இப்போது வேண்டாம்.

60 தட்டில் தொடங்குங்கள். கை ஆடும்போது பக்கத்தில் இருப்பவரோடு கதைக்க முடிகிறதா என்று பாருங்கள். கேட்டதற்குப் பதில் சொல்லியும் வீச்சு நிற்கவில்லையென்றால் கை பழகிவிட்டது. இது வரும்வரை பாட முயல்வது வீண்.

கோட் பெயரை எந்த எழுத்தின்மேல் எழுதுவது

இணையத்தில் கிடைக்கும் வரித்தாள்களில் கோட்ஸைச் சொல்லின் தொடக்கத்தில் போட்டுவிடுவார்கள். தாளத்தில் அந்தச் சொல் எங்கே விழுகிறதென்று தெரியாது. அதை நம்பி வாசிப்பவர் சொல் தொடங்கிய உடனே கோட்டை மாற்ற, தாளம் ஒரு தட்டு முந்திவிடும். ஆகவே தாளை நீங்களே எழுதுங்கள். எடுத்துக்காட்டுக்கு இரண்டு வரி, எட்டுத் தட்டு ஒரு வட்டம்:

1 வாடைக் / 2 … / 3 காற்றே / 4 … / 5 வந்து / 6 … / 7 போ / 8 அந்த
1 வயல் / 2 … / 3 வரம்பில் / 4 … / 5 நின்று / 6 … / 7 போ / 8 …

கோட்ஸ் முதல் வரியில் 1ஆம் தட்டுக்கு ஏ மைனர், 5ஆம் தட்டுக்கு ஜி. இரண்டாம் வரியில் 1க்கு ஈ மைனர், 5க்கு மீண்டும் ஏ மைனர். ‘அந்த’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அது இரண்டாம் வரியின் சொல், ஆனால் விழுவது முதல் வட்டத்தின் 8ஆம் தட்டில். சங்கீதத்தில் அதீத எடுப்பு என்பது இதைத்தான். ‘அந்த’ பாடும்போது கை இன்னும் ஜியிலேயே இருக்கவேண்டும். ‘வயல்’ என்ற சொல்லின் ‘வ’வில்தான் ஈ மைனர். அனாகத எடுப்பில் இது மறுவளம்: கோட் முதலில் விழும், சொல் பிறகு வரும். உங்கள் பாட்டைத் தொடையில் தாளம் போட்டபடி ஒருமுறை பாடி, உள்ளங்கை விழும் எழுத்துகளை வட்டமிட்டால் இது தெளிவாகிவிடும்.

மாற்றத்துக்கு முந்திய கடைசி மேல்வீச்சிலேயே இடது கை விரல்களை எடுத்துவிடலாம். அந்த அரைத்தட்டில் திறந்த கம்பிகள் ஒலித்தால் ஒலிக்கட்டும், கேட்பவர் காதுக்கு அது தெரியாது. கை நின்றால்தான் தெரியும்.

சேர்த்தல்

முதலில் பாட்டைப் பாடாமல், தாளத்தோடு சொற்கட்டுப் போலச் சொல்லுங்கள். கிற்றாரில் கோட் மாறும் இடங்களில் மட்டும் ஒரு கீழ்வீச்சு, அதை ஒலிக்கவிட்டு அடுத்த மாற்றம் வரை கை காற்றில் ஆடட்டும். பிறகு அதே ஒற்றை வீச்சோடு, வாய் மூடி ‘ம்’ என்று மெட்டை மட்டும். அதன்பின் சொல்லோடு. ஒற்றை வீச்சில் முழுப் பாட்டும் தடங்கலின்றி வந்தபின் தட்டுக்கு ஒரு கீழ்வீச்சு, கடைசியில்தான் முழு வீச்சுக்கோலம். ஒரு படியில் இடறினால் வேகத்தைக் குறைக்காமல் முந்திய படிக்குத் திரும்புங்கள். வேகம் 5 தட்டு 5 தட்டாக ஏறினால் போதும்.

எல்லோரும் முதல் வரியிலிருந்தே தொடங்குவதால் பல்லவி நூறுதரம் வாசிக்கப்பட்டிருக்கும், இரண்டாம் சரணம் பத்துத்தரம்கூட இராது. இரண்டாம் சரணத்தின் கடைசி வரியிலிருந்து பின்னோக்கிக் கட்டிக்கொண்டு வாருங்கள். பாட்டு முன்னேற முன்னேறத் தெரிந்த இடத்துக்குப் போவதால் பயமும் குறையும்.

தொடக்கச் சுரம் பிடிபடாமல் தடுமாறுவோர் கோட்டுக்குள்ளேயே தேடலாம். ஏ மைனர் பிடியில் 3ஆம் கம்பி ‘ச’, 2ஆம் கம்பி ‘க’, 1ஆம் கம்பி ‘ப’. மெட்டு இந்த மூன்றில் ஒன்றிலோ அதன் பக்கத்துச் சுரத்திலோதான் பெரும்பாலும் எடுக்கும். முன்னிசையாக இரண்டு வட்டம் வாசிக்கும்போது அந்தக் கம்பியைக் கொஞ்சம் அழுத்தித் தட்டுங்கள், தொண்டைக்கு வழி கிடைத்துவிடும்.

கைப்பிடி இல்லாத கதிரையில் நிமிர்ந்து இருங்கள். பிரெட்டைப் பார்க்கக் குனிந்தால் தாடை நெஞ்சில் முட்டிக் குரல் அடைபடும். கழுத்தின் மேல் விளிம்பில் உள்ள புள்ளிகளைக் கண்ணால் மட்டும் பாருங்கள். பாடும் இடங்களில் வீச்சை மெல்லியதாக்கி, பாட்டில்லாத இடைவெளியில் உயர்த்துங்கள். போனை ஆறடி தள்ளி வைத்துப் பதிந்து கேட்டால், கிற்றார் குரலை மூடுகிறதா என்பது தெரிந்துவிடும். அநேகமாக மூடும்.

கோயிற் பாட்டுக்கும் கூட்டு வாசிப்புக்கும்

கமகம் நிறைந்த தேவாரத்துக்கோ கீர்த்தனைக்கோ கோட்ஸ் போட்டால் அது பாட்டோடு மல்லுக்கட்டும். அங்கே தம்பூராவின் வேலையைக் கிற்றாருக்குக் கொடுங்கள். 5ஆம் கம்பி திறந்தபடி, 4ஆம், 3ஆம் கம்பிகள் இரண்டாம் பிரெட்டில், வேறெதையும் தொடவேண்டாம். ச-ப-ச மட்டும். கேப்போ மூன்றில் வைத்தால் 1 கட்டை. மாயாமாளவகௌளையில் மட்டும் ஒரு வசதி உண்டு. ஈ மேஜர் பிடியில் 5ஆம், 4ஆம் கம்பிகள் இரண்டாம் பிரெட்டிலும் 3ஆம் கம்பி முதலாம் பிரெட்டிலும் இருக்கும். ‘ரி’ நீளும் இடத்தில் மூன்று விரலையும் அப்படியே ஒரு பிரெட் மேலே தள்ளுங்கள், திறந்த கம்பிகள் திறந்தபடியே இருக்கட்டும். ஒலிக்கும் எல்லாச் சுரமும் அந்த ராகத்துக்குள்ளேயே நிற்கும். கேப்போ மூன்றில் இது 5 கட்டை.

தேவாலயப் பாடகர் குழுவில் ஹார்மோனியத்தோடு சேர்வதென்றால் ரியூனரை நம்பவேண்டாம். பழைய ஹார்மோனியங்கள் ரியூனர் பார்க்கும் அளவில் (ஏ சுரம் 440 ஹேர்ட்ஸ்) நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. அதன் ஏ சுரத்தைப் பிடிக்கச் சொல்லி 5ஆம் கம்பியை அதோடு சேர்த்துவிட்டு, மற்றக் கம்பிகளை அதிலிருந்து எடுங்கள்: 6ஆம் கம்பியின் ஐந்தாம் பிரெட் 5ஆம் கம்பிக்குச் சமன், 5ஆவதன் ஐந்தாம் பிரெட் 4ஆவதுக்கு, 4ஆவதன் ஐந்தாம் பிரெட் 3ஆவதுக்கு, 3ஆவதன் நாலாம் பிரெட் 2ஆவதுக்கு, 2ஆவதன் ஐந்தாம் பிரெட் 1ஆவதுக்கு. கீபோட் வாசிப்பவர் எஃப் என்றால் டி வடிவங்களைக் கேப்போ மூன்றில் பிடியுங்கள்.

உறைக்குள் 1ஆம், 2ஆம் கம்பிகளில் மேலதிகமாக ஒவ்வொன்று வைத்திருங்கள். அதிகம் அறுவது அவைதான், வாங்குவதற்கு வவுனியாவோ யாழ்ப்பாணமோ போகவேண்டி வரலாம். பாட்டு நடுவில் ஒன்று அறுந்தால் கழுத்தின் இழுவை குறைந்து மற்றக் கம்பிகள் சற்று ஏறும். பேஸ் கம்பிகளில் மட்டும் வாசித்து வரியை முடித்துவிட்டு, அடுத்த இடைவெளியில் 5ஆம் கம்பியைச் சரிபார்த்துத் தொடருங்கள்.